மூன்று கோல் போட்டவள்

சென்னையிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று கால்பந்து மாஸ்டர் சொன்ன அன்றே, நான் இந்திய அணிக்கு ஆடுவது என் மாமாவைப் பொறுத்தவரை முடிவாகிவிட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அரூர் பக்கம் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் டெம்போ ஒன்று வைத்திருந்தார். அவர் பந்தைக் காலால் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

மாஸ்டர் சனி ஞாயிறு காலைகளில் சுற்றுவட்டாரப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கிளப் நடத்திவந்தார். வருகிறவர்கள் எங்கள் ஆட்டத்தைப் பார்த்து, பிடித்தவர்களை மாநில முகாமுக்கு எடுப்பார்கள். அங்கே தேறினால் தேசிய முகாம், அதிலும் தேறினால் இந்தியச் சட்டை. மாஸ்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நடுவில் இருந்த முகாம்கள் எதுவும் மாமாவின் காதில் விழவில்லை.

என் சித்தி மகளும் எங்கள் கிளப்பில்தான் ஆடினாள். அவளுக்கும் என் வயதுதான். நான் முன்வரிசையில் கோல் போடுகிறவள், அவள் பின்வரிசையில் தடுக்கிறவள். சித்தி அவளை அனுப்பியதே பஸ்ஸில் எனக்குத் துணைக்காகத்தான். எட்டாம் வகுப்பு வந்தாகிவிட்டது, ஆடியது போதும், அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள் என்று அவளிடம் சொல்லியும் இருந்தார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா என்னை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"பேப்பர்ல யாரு பேரு வருது? கோல் போட்டவங்க பேருதான வருது? பந்தைத் தள்ளி உட்டவ பேரு வருதா? உன்கிட்ட பந்து வந்தா ஒருத்திக்கும் தராத, பாப்பா."

பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த சித்தி மகளுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் அவருக்கு அக்கா பெண்தான் என்பது அன்று அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மைதானத்துக்கு உறவுக்காரர்கள் எட்டுப் பேரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கைதட்டுவதற்கு. சென்னைக் காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கூலிங் கிளாஸ் போட்ட உயரமான ஆள். இன்னொருவர் சாயம்போன தொப்பி வைத்த குள்ளமான அம்மா. அந்த அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போய் ஒரு புங்கமரத்தடியில் நின்றுகொண்டார். மாமா உயரமான ஆளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"அந்த ஒம்பதாம் நம்பரு நம்ம புள்ளைங்க, சார். கொஞ்சம் பாத்துக்குங்க."

அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

இன்னொரு கிளப்போடு நடந்த ஆட்டத்தின் முதல் பாதியில் நான் மூன்று கோல் போட்டேன். மூன்றாவதின்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆளில்லாத இடத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நானே அடித்தேன். எட்டுப் பேரும் விசிலடித்தார்கள்.

இடைவேளையில் தொப்பி அம்மா மாஸ்டரிடம் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒம்போது, நீ பின்னாடி போயி நில்லு. நாலு, நீ முன்னாடி வா."

நாலாம் நம்பர் சித்தி மகள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் என்னா மாஸ்டர் தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. மேடம் சொன்னாங்க. போயி ஆடு, போ."

மாமா கூலிங் கிளாஸ் ஆளிடம் ஓடினார். "என்னாங்க சார் இது, மூணு கோல் போட்ட புள்ளையப் பின்னாடி தள்றீங்க?"

அவர் இரண்டாவது இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணே, நான் வண்டி ஓட்டறவங்க. மேடத்தக் கேளுங்க" என்றார்.

"அத இளநி வெட்டறதுக்கு முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கைதட்ட வந்த எட்டுப் பேரும் அதற்குத்தான் அன்று மனதாரக் கைதட்டினார்கள்.

இரண்டாம் பாதி முழுக்க நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். பந்து என் பக்கமாக வந்தால் நடந்து போனேன். அந்த வழியாகவே எதிரணி இரண்டு கோல் போட்டது. சித்தி மகளுக்கோ முன்வரிசையில் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. ஆளில்லாத கோலுக்குள் அடிக்கப்போய்ப் பந்தை விட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள். எழுந்து சட்டையிலிருந்த நெருஞ்சி முள்ளைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "எங்கடி நிக்கட்டும்?" என்று பார்க்கிறவளிடமெல்லாம் கேட்டாள். பந்து பறிபோனால் மைதானம் முழுக்கத் துரத்திக்கொண்டு என்வரைக்கும் ஓடிவந்தாள்.

"பாப்பா, இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன், நீ அந்தப் பக்கம் போடி!"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெயரை வாசித்தார்கள். சித்தி மகளின் பெயர். அவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அவ ஒரு கோல்கூடப் போடலியே!" என்று நான் கத்திவிட்டேன்.

தொப்பி அம்மா கோபப்படவில்லை. "ஆமாம்மா, போடல" என்றார். "அடுத்த வருஷமும் வருவேன். நீ ஆடிக்கிட்டே இரு."

டெம்போவில் திரும்பும்போது சித்தி மகள் என் காதோடு கேட்டாள்: "நீ வராம என்னை மட்டும் எங்கம்மா அனுப்புவாங்களாடி?" நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.  சித்தி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மாமா இறங்கிப் பேசிய பேச்சு இன்னும் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

"ஒரு கோலும் போடாமயே எடுத்திருக்காங்கன்னா, புள்ளைகிட்ட என்னமோ இருக்குதுக்கா. அனுப்பு. வூட்ல வெச்சி என்னா பண்ணப்போற?"

சித்தி இரண்டு நாள் யோசித்துவிட்டு அனுப்பினார். அவள் மாநில முகாமில் தேறி, தேசிய முகாம்வரை போய்வந்தாள். இந்தியச் சட்டை கிடைக்கவில்லை. மாநிலச் சட்டையைப் பல வருடம் போட்டாள். நான் கோபித்துக்கொண்டு மைதானத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். சொன்னபடியே அந்த அம்மா அடுத்த வருடம் வந்தபோது நான் அங்கே இல்லை.

கல்லூரி முடித்த பிறகுதான் திரும்பப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். போன மாதம் ஒரு பத்து வயதுப் பெண் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டாள். எனக்கு அவளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பந்து இல்லாதபோது இவள் என்ன செய்வாள், பிடிக்காத இடத்தில் நிறுத்தினால் எப்படி ஆடுவாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. கூப்பிட்டு, பின்னால் போய் நிற்கச் சொன்னேன். அவளுக்கு உதடு பிதுங்கியது.

தொப்பி அம்மா வந்த அன்று மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஆடினோம். இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் என்று அந்த அம்மா இடம் மாற்றியது இரண்டே பேரைத்தான். அதில் ஒருத்தி நான் என்பது, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற அந்த ஒன்பதாம் நம்பருக்குத் தெரியவில்லை.