உள்ள கீது

எங்கள் கூட்டத்துக்கு விதிகள் உண்டு. படத்தைத் திரையரங்கில் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு படம்தான் சொல்லலாம். கதை சொல்லக் கூடாது. பிடித்த காட்சி ஒன்றை மட்டும், பார்த்தது பார்த்தபடி சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. எல்லாரும் சொல்லி முடித்ததும் கை தூக்கி, அந்த ஆண்டின் படம் இதுதான் என்று தீர்மானிப்போம். விதிகளை வகுத்தவன் நான். அதனால் கடைசியில் பேசுகிறவனும் நான்தான்.

ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் ராயபுரத்தில் கூடுவோம். எங்களில் ஒருவருக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சந்தில் வலைக்கடை. அதன் மாடியில் நைலான் வலைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். சாய்ந்து உட்கார அதைவிட நல்ல இடம் எந்தத் திரையரங்கிலும் இல்லை என்பது என் கருத்து. மற்ற இருவரில் ஒருவர் வண்ணாரப்பேட்டையில் மிளகாய், புளி மொத்த வியாபாரம் செய்கிறவர்; தெற்கத்திக் குடும்பம் என்பதால் அவர் எங்களுக்கு அண்ணாச்சி. இன்னொருவர் திருவொற்றியூரில் கணக்கு டீச்சர். நான் எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் பெட்டிகளின் வரவு செலவைப் பதிகிறவன். எங்கள் பகுதியில் அந்த வேலைக்கு ரைட்டர் என்று பெயர். நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் இருப்பதால் அந்தப் பெயர் எனக்கு இரண்டு வகையில் பொருந்தும்.

சென்ற முறை நாங்கள் கூடியபோது நால்வரின் மனத்திலும் ஒரே படம் இருந்தது. தொடக்கத்தில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

அது எங்கள் பகுதியிலேயே எடுத்த படம். கதாநாயகன் வெளியூர்க்காரர். அவருக்கு எங்கள் பேச்சைப் பழக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். படக்குழுவைச் சேர்ந்த ஒருவர் வலை வாங்க வந்தார். விலை பேசும்போது நம் கடைக்காரர் பேசியதைக் கேட்டு அங்கேயே முடிவு செய்துவிட்டார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு இவர் படப்பிடிப்புக்குப் போனார். படத்தின் முடிவில் இவர் பெயரும் ஓடியது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

'இருக்கிறது' என்பதற்கு எங்கள் பேச்சில், பொருள் என்றால் 'கீது'. ஆள் என்றால் 'கீறான்', 'கீறா', பெரியவர் என்றால் 'கீறாரு'. இது இங்கே பிறந்த யாருக்கும் பிசகாது. சினிமாக்காரர்களுக்கு மட்டும் எல்லாமே கீதுதான். நாற்காலியும் கீது, மாமனாரும் கீது. நகைச்சுவை நடிகர்கள் அந்த ஒரு சொல்லை வைத்தே காலம் தள்ளியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் முகம் சுளித்திருக்கிறோம்.

இந்தப் படத்தின் முக்கியமான காட்சியில் கதாநாயகன் ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கிறான். அம்மா ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். "எங்கடா உங்க அண்ணன்?" என்று கேட்கிறாள். "உள்ள கீது" என்கிறான் அவன்.

நாங்கள் பார்த்த திரையரங்கில், எங்கள் சொந்த மக்கள் நடுவில், அந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது. அதற்கடுத்து அம்மா என்ன செய்தாள் என்பதைப் பாதிப்பேர் கவனிக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும். மறுநாளிலிருந்து சந்து முனை ஆட்டோ ஸ்டாண்டில் இவருக்கு நிம்மதி இல்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "இன்னா, மாமு கீதா?" என்று மனைவியிடம் கேட்பார்கள். அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்த மனிதரை, சொந்தப் பேச்சே தெரியாதவர் என்று ஆக்கிவிட்டார்கள். வலை வாங்க வருகிறவர்கள்கூடச் சிரித்துவிட்டுத்தான் விலை கேட்டார்களாம்.

அன்று டீச்சர் முதலில் பேசினார். ஒரு கிராமத்துப் பேருந்து நடத்துநரின் படத்தைச் சொன்னார். அண்ணாச்சி ஒரு பேய்ப் படத்தைச் சொல்ல ஆரம்பித்து, அதைக் கிடங்கில் மிளகாய் மூட்டை மேல் படுத்தபடி போனில் பார்த்தது தெரியவந்ததும் என் தடைக்கு உள்ளாகி, ரயிலில் நடக்கும் வேறொரு படத்துக்கு மாறினார். பேயைப் பார்த்துத் தும்மியது தான் மட்டும்தான் என்று அவர் முனகிக்கொண்டார்.

அடுத்தது கடைக்காரரின் முறை. எனக்கு இந்த வருசம் படம் இல்லை என்று சொல்லிவிட்டு, பர்மா நூடுல்ஸான அத்தோ பொட்டலங்களைப் பிரித்து எல்லாருக்கும் எடுத்து வைத்தார். தான் வேலை செய்த படத்தைத் தானே சொல்வது அழகல்ல என்று அவருக்குத் தெரியும். எங்களில் யாராவது சொல்வோம் என்று காத்திருந்தார். அதுவும் எங்களுக்குத் தெரியும். எஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் அவருக்கு உதவத் தயாராகவே வந்திருந்தேன். படம் நல்ல படம். பழுது அந்த ஒரு சொல்தான். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. டப்பிங் நடந்தது வடபழனிப் பக்கம். இவரை அங்கே கூப்பிடவில்லை. இவர் 'கீறாரு' என்று சொல்லிக்கொடுத்ததை அங்கே யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதை நாலு பேரிடம் எடுத்துச் சொன்னாலே சந்தின் வாய் அடங்கிவிடும் என்றேன். டீச்சரும் அதையே நினைத்திருந்ததாகச் சொன்னார். அண்ணாச்சி ஒரு படி மேலே போய், ஆட்டோ ஸ்டாண்டில் தானே பேசுவதாகச் சொன்னார்.

கடைக்காரர் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"யாரும் மாத்தல ரைட்டரே. அது நான் சொல்லிக் குட்த்தது."

ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். நடிகர் தயங்கியிருக்கிறார். 'கீறாரு' என்றுதானே வரவேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். அந்த அளவுக்கு நன்றாகப் பழகியிருந்தார். இல்லை, இங்கே இதுதான் என்று இவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார்.

"எங்க அண்ணன் போட்ல போய் அட்பட்டு வந்தாரே, உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல்ல நான்தான் நின்னுகினு இருந்தேன். எம்மா வந்து அண்ணன் எங்கடானு கேட்டா. செத்துட்டாருன்னு எப்டி சொல்றது? வாய்ல அத்தான் வந்துச்சு. உள்ள கீதும்மான்னேன். வேற இன்னாவும் கேக்கல. அப்டியே தரையில குந்திக்கினா."

கீறாரு என்று சொல்லியிருந்தால் அவள் உள்ளே ஓடியிருப்பாள் என்றார்.

முதலில் பேசியது அண்ணாச்சி. "எங்க பக்கமும் அப்படித்தான் பாத்துக்கிடுங்க. அதுவரை அப்பா எங்க இருக்காங்கன்னு கேக்குத ஆளு, மூச்சு நின்னதும் எப்ப எடுக்கீயன்னுதான் கேப்பான். யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

நான் அந்தக் காட்சியை மனத்துக்குள் முதலிலிருந்து ஓட்டினேன். அண்ணன் இறந்துவிட்டான் என்று அங்கே வேறு யாரும் சொல்வதில்லை; மருத்துவர் வருவதில்லை; போர்த்திய உடலைக் காட்டுவதில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்காருகிறாள், அவ்வளவுதான். ஆள் பொருளாகிவிட்டான் என்ற சேதி முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஊர்ப் பேச்சைக் கேட்டு ஊர் சிரித்ததற்குக் காரணமும் அப்போது எனக்கு விளங்கியது. கீது என்றால் சிரிக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாகச் சினிமா எங்களைப் பழக்கி வைத்திருக்கிறது. வீட்டில் அழுதுகொண்டே சொன்ன சொல்லை, திரையில் கேட்டதும் எங்கள் காதே வேடிக்கையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

டீச்சர் ஒரு சந்தேகம் கேட்டார். இதை ஏன் ஆட்டோக்காரர்களிடம் சொல்லவில்லை?

"இன்னான்னு சொல்றது டீச்சர்? எங்க அண்ணன் பொணத்த எட்த்தாந்து அவங்க முன்னால போட்டு, இப்ப சிரிங்கடான்றதா?"

அவர் கேட்டது நியாயம். விளக்கம் சொல்லி ஜெயிக்கிற வழக்கல்ல இது. என் முறை வந்தது. விதிப்படி, பார்த்தது பார்த்தபடி காட்சியைச் சொன்னேன். வராண்டாவில் வரிசையாக நிற்கும் சக்கர நாற்காலிகளைச் சொன்னேன். ஆட்டோவுக்குச் சில்லறை வாங்காமல் அம்மா நடந்து வருவதைச் சொன்னேன். அவள் கேள்வியைச் சொன்னேன். பதிலை எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே, எதையும் கூட்டாமல் சொன்னேன். "உள்ள கீது."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தட்டைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். கடைக்காரர் முகத்தைத் திருப்பி வலைக் கட்டு ஒன்றின் கயிற்றை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

கை தூக்கச் சொன்னேன். என் கையும் டீச்சர் கையும் உயர்ந்தன. கடைக்காரர் வாக்களிக்கவில்லை. அண்ணாச்சி தன் ரயில் படத்துக்கே கை தூக்கினார். நட்பு வேறு, படம் வேறு என்று அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. இரக்கப்பட்டுக் கை தூக்கினால் இந்தக் கூட்டத்துக்கே அர்த்தம் போய்விடும். அந்த ஆண்டின் படம் அதுதான் என்று அறிவித்தேன். இன்றும் அந்தத் தீர்ப்பில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

பேச்சு வேறு பக்கம் திரும்பி, டீ வந்து, கோப்பைகள் காலியாகும் நேரத்தில் கீழே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"யக்கா, மாமு மேல கீதா?"

அண்ணாச்சி எழுந்தார். கடைக்காரர் அவரைக் கையமர்த்திவிட்டு ஜன்னலுக்குப் போனார். இத்தனை மாதமாக அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"கீறேன்டா" என்றார். "இன்னும் கீறேன்."