பன்னிரண்டாவது பெட்டியும் ஆறு மில்லிமீட்டரும்

பெட்டி டிசைன் பண்ணுகிற தொழிலில் ஒரு பெரிய வயிற்றெரிச்சல் உண்டு: நாம் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை, வாங்குகிறவர் வீட்டுச் சாவியால் ஒரு குத்துக் குத்தி மூன்றே விநாடியில் கிழித்துப் போட்டுவிடுவார். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள், கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவர்கள், மத்தாப்பு டப்பாவுக்குப் படம் போடுகிறவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடை இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. இப்போது இருப்பது செம்பூர். அப்ளைட் ஆர்ட் படித்துவிட்டுப் பதினான்கு வருடமாக இதே வேலை. என் அம்மாவிடம் யாராவது கேட்டால், "அவ டப்பாவுக்குப் படம் போடுதா" என்பாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாமியின் நிபந்தனை

மாட்டுங்காவில் ஜெயஸ்ரீ மாமி என்று ஒருவர். பாங்க் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காபிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி, வத்தல் எல்லாவற்றையும் மாதம் ஒரு பெட்டியாக வீட்டுக்கு அனுப்பும் சந்தா ஆரம்பித்தார். வருடத்துக்குப் பன்னிரண்டு பெட்டி. முதல் வருடம் சாதாரணப் பழுப்பு அட்டைப்பெட்டியில் போனது. வருடம் முடிந்ததும் சந்தாவைப் புதுப்பித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பொடியில் குறையே இல்லை. இது யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு மாதப் பெட்டியின் பக்கவாட்டிலும் நம் லோக்கல் ரயிலின் ஒரு கோச்சை அச்சடிப்போம். காலிப் பெட்டிகளை ஷெல்ஃபில் வரிசையாக வைத்தால், வருடக் கடைசியில் பன்னிரண்டு கோச்சும் சேர்ந்து முழு ரயில். பெட்டியைத் தூக்கிப் போட மனசு வராது, மாமியின் பெயர் தினமும் கண்ணில் படும்.

பெட்டி செய்ய தாராவியில் காதர் பாய் இருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், சின்ன அட்டைப்பெட்டிப் பட்டறை, நாலு ஆள், ஒரு பழைய பஞ்சிங் மெஷின். அவருக்கும் சரி, எனக்கும் சரி, மாதா மாதம் தவறாமல் வருகிற வேலை இது ஒன்றுதான். மாதிரிப் பெட்டியை மாமி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அழகா இருக்குடி செல்வி. ஆனா பாதிப் பேராவது அடுத்த வருஷத்துக்கு வரணும். வரலைன்னா கடையை மூடிட்டு பெங்களூர்ல பொண்ணாத்துக்குப் போயிடுவேன். நீயும் காதர் பாயும் உங்க வழியைப் பார்த்துக்கோங்கோ."

மூக்கு

முதல் மாதப் பெட்டிகள் அடித்து, மடித்து, கட்டுக் கட்டாகக் காதர் பாயின் பரணில் பத்து நாள் இருந்தன. மழைக்காலம். சுவருக்கு அந்தப் பக்கம் தோல் பை தைக்கிற பட்டறை. அட்டை இருக்கிறதே, அது பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் குடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தாராவியில் வளர்ந்த மூக்குக்குத் தோல் ஒரு வாசனையாகவே படாது. காதர் பாய்க்கும் படவில்லை. நாங்கள் இருவரும் மோந்து பார்த்து, ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லி டெம்போவில் ஏற்றினோம்.

மாமி அந்தப் பெட்டிக் கட்டுகளை வாசலுக்கு உள்ளேயே விடவில்லை. போனில் என்னிடம், "செருப்புக் கடைக்குள்ள காபி போட்டுக் குடிக்கிற மாதிரி இருக்குடி" என்றார். நல்லவேளை, பொடியை இன்னும் உள்ளே வைக்கவில்லை. அத்தனையும் திரும்பி வந்தது, மறுபடி அடித்தோம். காதர் பாய் இந்தத் தடவை புத்திசாலித்தனமாக, நாலு வீடு தள்ளி இட்லி அவித்து விற்கிறவர் வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்தார். காலை மூன்று மணி நேரம் ஆவி. மறுநாள் பார்த்தால் மேல் கட்டு நமுத்த அப்பளம் மாதிரி தொங்குகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அரை மணி கழித்து அவரே போன் பண்ணி, மிச்சத்தைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டேன்.

"தோலுக்குப் பயந்து இட்லிகிட்ட போனேன். இட்லிக்குப் பயந்து இப்பம் எம் பொஞ்சாதிகிட்ட வந்து நிக்கேன். கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்ம்மா. அவ இன்னும் பாக்கல."

வாட்ச்மேனின் பக்தி

பெட்டி மூடியின் மேல் காவி விளிம்பு போட்டு ஒரு கோலம் வரைந்திருந்தேன். எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டாவது மாதம் செம்பூரில் ஒரு சந்தாதாரர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், மூன்று நாளாகப் பெட்டி வரவில்லை என்று மாமியிடம் புகார் சொன்னார். கூரியர்காரர் கொடுத்தாயிற்று என்கிறார். கட்டிடம் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் என்பதால் நானே நடந்து போனேன்.

வாட்ச்மேன் கேபினுக்குள் எட்டிப் பார்த்தால், சின்னப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் நம் பெட்டி. மேலே ஒரு செம்பருத்திப் பூ, முன்னால் ஊதுபத்தி. அவர் கோயில் பிரசாதம் என்று நினைத்திருக்கிறார். அந்த மேடம் தினமும் காலையில் வாக்கிங் ஷூவோடு வருகிறாராம், சாயந்தரம் காலேஜ் செருப்போடு வருகிறாராம், எப்படிக் கையில் கொடுப்பது என்று காத்திருக்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூவோடு சேர்த்துக் கொண்டுபோய் மேலே கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதத்திலிருந்து கோலத்தை மூடியின் உள்பக்கத்துக்கு மாற்றினேன். பெட்டியைத் திறந்ததும் கோலம், அதற்குக் கீழே காபி வாசனை. யோசித்துப் பார்த்தால் முதலிலேயே அங்கேதான் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது மாதம் அந்த வழியாகப் போனபோது வாட்ச்மேன் என்னை நிறுத்தி, வெறும் மூடியைக் காட்டி ஹிந்தியில் கேட்டார்:

"இந்த மாசம் சாமி லீவா, மேடம்?"

லேடீஸ் எங்கே நிற்கும்

ஐந்தாவது மாதம் லேடீஸ் கோச். லேடீஸ் கோச்சுக்கு அடையாளமான சாய்ந்த கோடுகள் போட்டு, ஜன்னலில் நாலு முகம், வாசலில் ஒரு பெண் கூந்தலை அள்ளி கிளிப் போடுகிற மாதிரி வரைந்தேன். ஐந்தாவதில் ஏன் போட்டேன் என்றால், அந்த மாத மிளகாய்ப் பொடி பாக்கெட்டின் நிறத்துக்கு அது பொருந்தியது. வேறு காரணம் கிடையாது.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஒரு போன். கவிதா என்று ஒருவர், செம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர். "படம் போட்டது நீங்கதானே?" என்று ஆரம்பித்த குரலே கறாராக இருந்தது. சந்தாவை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். பதினேழு வருடமாக ஓடி ஓடி ஏறுகிறாராம், வரிசையில் ஐந்தாவதாக லேடீஸ் நிற்கவே நிற்காதாம், இப்படி வரைந்தால் புதிதாக வருகிற பெண் ஜென்ட்ஸில் போய் மாட்டிக்கொள்வாளாம். காலிப் பெட்டிதானே மேடம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, ஐந்து பெட்டியையும் வரிசையாக வைத்திருக்கிறவருக்குத்தான் இது கண்ணில் படும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மன்னிப்புக் கேட்டேன். அவர் இறங்கி வந்து சொன்னார்:

"சரி, போனது போகட்டும். ஃபர்ஸ்ட் கிளாஸையாவது சரியான இடத்துல நிறுத்துங்க."

கடைசி ஸ்டேஷன்

இந்த சந்தோஷத்தில் நான் மிதந்துகொண்டிருந்தபோது காதர் பாய் ஒரு ஊசி ஏற்றினார். ஒன்பதாவது மாதப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, "ஏம்மா, கடைசி ஸ்டேஷன் வந்துட்டா எல்லாரும் இறங்கிருவாவளே?" என்றார். எனக்குப் பகீர் என்றது. பன்னிரண்டு கோச் சேர்ந்தால் ரயில் முழுசு. முழுசானால் அப்புறம் எதற்குச் சந்தா? இறங்க வேண்டிய இடத்தை நானே அழகாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அதனால் கடைசிப் பெட்டியை அசத்திவிடுவது என்று முடிவு கட்டினேன். லோக்கலை ஓட்டுகிற மோட்டார்மேனின் கேபின், ஜன்னலிலிருந்து கை காட்டுகிற மோட்டார்மேன், உள்ளே மாமி கைப்பட எழுதிய புதுப்பிப்பு அட்டை. இந்த நேரம் பார்த்து, பஞ்சிங் மெஷினில் அட்டையை வெட்டுகிற அச்சு, டை என்போம், தேய்ந்துபோய்விட்டது. புது டை செய்யக் காதர் பாய் போனில் அளவு கேட்டார். எங்கள் தொழிலில் அளவு என்றால் உள்ளளவு. சாமான் உள்ளேதானே உட்காருகிறது. நான் மேஜை மேல் இருந்த பழைய பெட்டியில் டேப் வைத்து, அவசரத்தில் வெளியளவைச் சொல்லிவிட்டேன். அவர் அதை உள்ளளவு என்று எடுத்துக்கொண்டார். அட்டை கனம் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர், இரண்டு பக்கத்துக்கு ஆறு; பெட்டி அவ்வளவு பெரிதாகிவிட்டது. மாதிரியை நான்தான் பார்த்துச் சரி என்றேன். தனியாக வைத்துப் பார்த்தால் எந்தப் பெட்டியும் சரியாகத்தான் தெரியும். அத்தனையும் அனுப்பியாயிற்று. முதல் போன் அணுசக்தி நகரிலிருந்து. ராமநாதன் சார், எஞ்சினியர், அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறவர்.

"உங்க பன்னிரண்டாவது பெட்டி உயரத்துல ஆறு மில்லிமீட்டர் அதிகம்மா. வெர்னியர் வெச்சு அளந்துட்டேன். ஷெல்ஃபுக்குள்ள நுழையலை. பதினோரு கோச் உள்ள நிக்கறது, மோட்டார்மேன் மட்டும் வெளில தொங்கறார்."

இறங்காதவர்கள்

மறுநாள் காலை மாட்டுங்காவுக்குப் போனேன். ரயிலில் நாலு தடவை ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மாமியைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. "தப்பு என்னோடது மாமி. காதர் பாயைச் சொல்லாதீங்க, நான்தான் அளவைத் தப்பாச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன். மாமி பதில் சொல்வதற்குள் போன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பெட்டி நுழையவில்லை. போனை வைத்தால் இன்னொன்று. கவிதாவும் கூப்பிட்டார், அவருக்கு ஷெல்ஃப் கதவு மூடவில்லை. ஒவ்வொரு போனுக்கும் நான் இன்னும் கொஞ்சம் நாற்காலிக்குள் புதைந்தேன். பெங்களூருக்கு மாமி எந்த ரயிலில் போவார் என்று வரைக்கும் யோசித்துவிட்டேன்.

பதினொன்றோ பன்னிரண்டோ போன் ஆனதும் மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஏண்டி, தூக்கிப் போட்டவா யாராவது இப்படிக் கூப்பிட்டுத் திட்டுவாளா?" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு ராமநாதன் சாரை மாமியே கூப்பிட்டு, சந்தா புதுப்பித்தாலும் புதுப்பிக்காவிட்டாலும் சரியான அளவில் ஒரு மோட்டார்மேன் எல்லாருக்கும் தனியாக அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அவர் தனியாக வேண்டாம், அடுத்த மாதப் பெட்டியோடு சேர்த்து அனுப்புங்கள் என்றார். ரயில்தான் முடிந்துவிட்டதே சார் என்று நான் குறுக்கே புகுந்து கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது. மாமி என்னை முறைத்தார். சார் நிதானமாகச் சொன்னார், "பதினஞ்சு கோச் லோக்கலும் ஓடறதே, நீங்க பார்த்ததில்லையா? ஷெல்ஃபுல இன்னும் மூணு பெட்டிக்கு இடம் இருக்கு. மோட்டார்மேனை நான் கடைசிக்கு நகர்த்திக்கறேன்."

அன்று சாயந்தரமே மாமி எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்: மோட்டார்மேன் சரியான அளவில் மறுபடி வருகிறார், ரயிலில் மூன்று கோச் கூடுகிறது. இரண்டு வாரத்தில் சந்தாப் புதுப்பிப்பு பாதிப் பேரைத் தாண்டிவிட்டது. அதற்கு மேலும் வந்துகொண்டே இருந்தது. மாமி அதைச் சொன்னபோது நான் அவர் வீட்டு பால்கனியில் போய் நின்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக அழுதேன். ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அது. மூக்கைச் சிந்திவிட்டு முதல் வேலையாகக் காதர் பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பஞ்சிங் மெஷினை நிறுத்தினார். அப்புறம் சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ். அப்பம் கட்டிலுக்கு அடியில இன்னும் ஒரு வருசத்துக்கு இடம் கேக்கணும். அவகிட்ட நீயே பேசிரும்மா."

பதினைந்தாவது கோச்சுக்கு அப்புறம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்போதெல்லாம் யார் அளவு கேட்டாலும், செருப்புக் கடைக்காரராகவே இருந்தாலும், உள்ளளவா வெளியளவா என்று கேட்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.