பொக்கை வண்டி

'கட கட கட' என்று வரும், நடுவில் ஒரு 'கட' விட்டுப்போகும், மறுபடி 'கட கட கட' என்று தொடரும். சைக்கிளில் வருகிறவர் மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்துப் பிரீவீலிலிருந்து எழும் அந்தச் சத்தம் எல்லா வண்டிக்கும் உண்டுதான். ஆனால் முன்பல் விழுந்த கிழவர் பேசுவதுபோல நடுவில் ஒரு ஓட்டையோடு வந்த சத்தம் திண்டிவனத்தில் எங்கள் அப்பாவின் வண்டிக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் வீட்டில் அதற்குப் "பொக்கை வண்டி" என்று பெயர்.

அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறவர். ஊரில் எல்லாரும் ஓட்டுகிற கம்பெனி வண்டி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. வண்டியின் சட்டம் 'லார்க்வுட்' என்ற பெயர் போட்டது, புதுச்சேரியில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாங்கியது. அதன் கழுத்தில் இருந்த பித்தளைத் தகட்டில் ஒரு பறவை உண்டு, தலை தேய்ந்துபோய் உடம்பு மட்டும் இருக்கும். மணி 'நீலவேணி'. பிரீவீல் 'சுக்ரா', விழுப்புரத்துப் பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறி எடுத்தது. சைக்கிள் கடைக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்படி ஒரு கம்பெனியைக் கேள்விப்பட்டதே இல்லை என்று உதட்டைப் பிதுக்கினால், பெற்ற பெண்ணைப் புகழ்ந்துவிட்டதுபோல அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். பெற்ற பெண்ணான என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவ்வளவு மலர்ந்ததாக நினைவில்லை. "ஊர்ல இல்லாத வண்டி, ஊர்ல இல்லாத மனுசன்" என்பாள் அம்மா.

எங்கள் தெரு மயிலம் ரோட்டிலிருந்து பிரிந்து லேசாக மேடேறும். அப்பா ரோட்டிலேயே வேகம் பிடித்து, தெருமுனையில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, அந்த வேகத்திலேயே வீடு வரை வந்து சேருவார். அந்தப் பொக்கைச் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறக்க வேண்டும். கிருத்திகைக்கு அம்மாவைக் கேரியரில் உட்காரவைத்து மயிலம் மலைக்குப் போய்த் திரும்பும் நாட்களில் மட்டும் சத்தமே வராது. பின்னால் ஆள் இருந்தால் மேட்டில் வேகம் செத்துவிடும், வாசல் வரை மிதித்துத்தான் வர வேண்டும், மிதிக்கும்போது பிரீவீல் வாய் திறக்காது. பூனை மாதிரி வந்து நின்றுகொண்டு, கேட்டைத் திறக்கவில்லை என்று என்னைத் திட்டுவார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், வானூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளைப் பார்த்துவரப் போன அப்பா திரும்பவில்லை. வழியில் டீக்கடைக்காரர் ஒருவர் அந்தத் தலையில்லாத பறவையைக் கவனித்திருந்தார், அதற்குப் பிறகு பார்த்தவர்கள் யாருமில்லை. கிணறு கிணறாகத் தேடினார்கள், போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். ஆளும் இல்லை, வண்டியும் இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரம், அம்மா கையில் தீப்பெட்டியோடு நின்றுவிட்டாள். தெருமுனையிலிருந்து 'கட கட கட', ஒரு ஓட்டை, 'கட கட கட'. பழக்கத்தில் என் கால் தானாக ஓடிவிட்டது. கேட்டைத் திறந்தேன், தெரு காலியாக இருந்தது. நடுத்தெருவில் படுத்திருந்த செவலை நாய் மட்டும் எழுந்து ஓரமாக ஒதுங்கி, எதையோ போக விட்டதுபோல நின்றுவிட்டு, மறுபடி பழைய இடத்திலேயே போய்ப் படுத்தது. சத்தம் எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்றது. அதற்குப் பிறகு பல நாள், அதே நேரம், அதே சத்தம். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. காதில் விழுந்ததை விழவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து விழுப்புரத்திலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். இத்தனை நாள் ஆகியும் வராதவன் இனி வரமாட்டான், காரியத்தைச் செய்து முடித்துவிடலாம் என்று நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். செய்தால் அம்மாவின் தாலி இறங்கும், பொட்டு போகும். அம்மா கதவோரம் நின்றபடியே சொன்னாள்:

"அவரு வண்டி சத்தம் கேட்டுக்கினுதான் இருக்குதுங்க மாமா. கேக்கறப்ப எப்படிங்க காரியம் பண்றது?"

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா பேஜாரு பண்ணாதே, ஊர் சிரிக்கும் என்று சத்தம் போட்டார். போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். தெருமுனையில் 'கட கட கட'. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலைப் பார்த்து, தம்பி மண்டியிலிருந்து நேரம் கழித்து வந்தால் எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்டார்:

"இன்னாடா கோதண்டம், இவ்ளோ நேரம்?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கொடுத்த டீயைக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். காரியம் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அம்மா போன பங்குனியில் இறந்துபோனாள். குளிப்பாட்டி முடித்த பெண்கள் மஞ்சளையும் பூவையும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்கள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவளை எப்படி அனுப்புவது? ஒருத்தி பூவை மெல்லக் கீழே வைத்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க அம்மா விட்டுக்கொடுக்காத பொட்டு கடைசி நேரத்தில் போகிறதே என்று எனக்கு வயிறெரிந்தது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. உள்ளே பேச்சு நின்றுபோனதை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"பூ வையுங்க. பொட்ட பெருசா வையுங்க. நான் எந்தம்பி வண்டி சத்தத்தக் கேட்டவன்" என்றார்.

அம்மா பூவும் பொட்டுமாகப் போனாள்.

இப்போது தெருவுக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள், எல்லார் வீட்டிலும் பைக் நிற்கிறது. லார்க்வுட்டையும் சுக்ராவையும் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டேன், பழைய வண்டி சேர்க்கிறவர்களிடமும் கேட்டுவிட்டேன். அப்படிக் கம்பெனி இருந்ததற்கே தடயம் இல்லை. அம்மா போனதிலிருந்து அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. அதுவும் போயிற்றே என்று முதலில் அழுதேன்.

நேற்று விளக்கு வைக்கிற நேரம் வாசலில் நின்றிருந்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நடுவில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, மறுபடி போய்ப் படுத்தது. கேரியரில் ஆள் இருந்தால் அப்பா வாசல் வரை மிதித்துத்தான் வருவார். திட்டு வாங்குவதற்கு முன் நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.