தன் பிழையைத் தானே எழுதிய தனலெட்சுமி மிஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரியில் என் வீட்டு முற்றத்தில் நின்றபோது நோர்வூட்டிலிருந்து சந்திரன் அழைத்தார். நான் மருந்தாளராக வேலை பார்த்த மலையக ஆஸ்பத்திரியின் சிற்றூழியர் அவர்.

"சேர், மிஸ் போயிட்டாங்க."

அங்கே தாதியர் எல்லோருமே மிஸ்தான். ஆனால் சந்திரன் பெயர் சொல்லாமல் மிஸ் என்றால் அது தனலெட்சுமி மிஸ் ஒருவரைத்தான் குறிக்கும்.

"காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு நாக்காலியில சாஞ்சாங்களாம். கஷ்டப்படல சேர்" என்றார். 

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தண்ணீர் வடியக் கான் வெட்டினார். அந்த லயத்திலிருந்து தாதியாகப் போன முதல் பெண். புதிதாக வரும் டொக்டர்மாரிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார். ஒருமுறை ஓர் இளம் டொக்டர், தோட்டத்து ஆட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது என்று சலித்துக்கொண்டார். "அவங்களுக்கு விளங்கும் டொக்டர். நாமதான் ஒழுங்கா சொல்லல" என்றார் மிஸ், ஊசி மருந்தை எடுத்தபடியே. அப்படிப்பட்டவருக்கு அப்படி ஒரு நாள் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. வெளிநோயாளர் பிரிவில் நிற்க இடமில்லை. ராஜேஸ்வரி என்ற தோட்டத் தொழிலாளி, நனைந்த தலைத்துண்டோடு வந்து மிஸ்ஸின் மேசை முன்னால் நின்றார். நெஞ்சை அடைக்கிறது, இடது கை வலிக்கிறது என்றார். மிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமைன்னா உங்களுக்கெல்லாம் நெஞ்சு வலிக்கும். வேலைக்குப் போகாம இருக்க டொக்டர் துண்டுதானே வேணும்? போயி கடைசியில உக்காரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன். சற்று நேரத்தில் டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் வயிறு எரிகிறது என்று வந்தார். "வாங்க, உக்காருங்க" என்று அவருக்கு உடனே பிரஷர் பார்த்தார் மிஸ்.

ஒரு மணி நேரம் கழித்து ராஜேஸ்வரி வாங்குப் பலகையிலிருந்து சரிந்து விழுந்தார். மாரடைப்பு. முதலில் நுவரெலியாவுக்கு, பிறகு கண்டிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். ராஜேஸ்வரி பிழைத்துக்கொண்டார்.

யாரும் மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை. ராஜேஸ்வரியின் கணவர்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். தாமதம் ஏன் என்று அறிக்கையில் எழுதவேண்டியிருந்தது. கூட்டம் அதிகம் என்று எழுதினால் போதும் என்றார் டொக்டர். அது பொய்யுமல்ல. ஆனால் மிஸ் தன் கையால் இப்படி எழுதினார்: "நெஞ்சு வலி என்று நோயாளி சொன்னார். நான் நம்பவில்லை. வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன்."

"மிஸ், இது உங்களுக்குத்தான் பிரச்சினை" என்றார் டொக்டர்.

"தெரியும் டொக்டர். இத எழுதலன்னா அடுத்த திங்கக்கிழமை இன்னொரு பொம்பளையையும் கடைசிக்குத்தான் அனுப்புவேன்."

விசாரணை வந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிடைக்கவிருந்த பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அவரை வருத்தியது வேறொன்று. ஒருநாள் சாப்பாட்டு அறையில் என்னிடம் சொன்னார்:

"சேர், கடைக்காரரப் பாத்ததும் 'வாங்க'ன்னேன். எங்கம்மா மாதிரி கொழுந்து பறிக்கிறவங்கள 'உக்காரு'ன்னேன். ரெண்டையும் யோசிச்சு சொல்லல. தானா வந்துச்சு. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

ராஜேஸ்வரி வீடு திரும்பியதும் அவரைப் பார்க்கப் போனார் மிஸ். நானும் கூடப் போனேன். லயத்துக் காம்பரா அறையில் எங்களை உட்காரவைத்துவிட்டு ராஜேஸ்வரி நின்றுகொண்டார். மிஸ் எழுந்து, அவரைக் கட்டிலில் உட்காரச் செய்துவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க சொன்னத நான் நம்பல. அது என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்ல மிஸ். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும் சொல்லட்டும். நான் சொன்னதுக்கு நான் வந்திருக்கேன்."

ராஜேஸ்வரி மெதுவாகச் சொன்னார்: "வலியக்கூட தாங்கிக்கிட்டேன் மிஸ். எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அதுதான்."

மிஸ் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அதன்பிறகுதான் என் ஜன்னலில் நான் செய்வதையே கவனிக்கத் தொடங்கினேன். டவுன் ஆட்களுக்கு மருந்து உறையில் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதிக் கொடுப்பேன். தோட்டத்து ஆட்களுக்கு வேளைக்கு ஒன்றாக மூன்று கோடு கீறி, உரத்த குரலில் இரண்டு தரம் சொல்லி அனுப்புவேன். அவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எழுதியே தாங்க ஐயா. நான் ஏ.எல். பரீட்சை வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றார். மூன்று வருடமாக மாதந்தோறும் என்னிடம் கோடு வாங்கிப்போனவர் அவர்.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "நானும் உப்பிடித்தான் இருந்திருக்கிறன் மிஸ்."

அவர் சிரித்தார். "நீங்க இத யாழ்ப்பாணத்துலருந்து கொண்டு வந்தீங்க. நான் லயத்துலயே பொறந்தும் எங்கயிருந்தோ எடுத்துக்கிட்டேன். அப்ப யாரு தப்பு பெருசு?"

அன்றிலிருந்து யார் நெஞ்சு வலி என்றாலும் முதல் ஆளாக உள்ளே அனுப்பினார். எல்லோரையும் நீங்க என்றே கூப்பிட்டார். பழக்கம் சில நாள் காலை வாரிவிடும். "வா" என்று வாயில் வந்துவிட்டால் அங்கேயே நின்று, "வாங்க" என்று திருத்திச் சொல்வார். தான் தவறினால் சொல்லும்படி எங்களிடமும் கேட்டிருந்தார். சந்திரன் முதன்முதலாகப் பயந்து பயந்துதான் திருத்தினார். மிஸ் எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொன்னார். பெரிய பட்டம் படித்தவர்களோடும் நான் வேலை செய்திருக்கிறேன். இந்தத் துணிச்சலை வேறு யாரிடமும் கண்டதில்லை. இவரோடு ஒரே கூரையின் கீழ் ஒன்பது வருடம் வேலை செய்தேன் என்பதை எங்கேயும் பெருமையாகச் சொல்வேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்துப் பெண்கள் மழையில் நின்றார்கள். ராஜேஸ்வரியும் வந்திருந்தார். பக்கத்தில் நின்ற யாரோ, அவருக்கு மிஸ் சொந்தமா என்று கேட்டார்கள். "எங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பிய வாரம், நான் இப்போது வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குச் சேறு படிந்த சாரம் கட்டிய ஒருவர் வந்தார். விலை கூடிய ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். இவரால் அதை வாங்க முடியாது என்று, அவரிடம் கேட்காமலே மலிவானதை எடுக்க என் கை போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன்.

"நீங்கள் கேட்டதும் இருக்கு, மலிவாயும் ஒண்டு இருக்கு. எதைத் தரட்டும் ஐயா?" என்று கேட்டேன்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். கை இன்னும் முந்திக்கொண்டுதான் போகிறது. ஆனால் அது போவது இப்போது எனக்குத் தெரிகிறது.