கன்னத்தில் ஒற்றிய காகிதம்

வங்காளத்துக் காளிகாட்டில் வீடு வீடாக வாசனை எண்ணெய் விற்றுவந்த அந்தப் பருத்த பெண்பிள்ளையை வரச் சொன்னது என் கணவர்தான். எங்கள் குழந்தை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"முகம் காஞ்சு கிடக்கு. ஏதாவது தடவிண்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் துரையின் ஆபீசுக்குப் போய்விட்டார்.

எந்த முகமானாலும், பட்டம் செய்கிற மெல்லிய காகிதத்தை அவள் ஒற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். எண்ணெய்க் கறை படிந்தால் வெட்டிவேர்த் தைலம். படியாவிட்டால், நல்லெண்ணெயில் இரண்டு சொட்டுச் சந்தனத் தைலம்.

என் கன்னத்தில் ஒற்றிய காகிதத்தில் கறையே இல்லை. சந்தனக் குப்பியைத் திறந்தவள், கட்டைவிரலால் கன்னத்தைத் தேய்த்தாள். விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

"இது வறண்ட தோல் இல்ல, பௌமா. உப்பு" என்றாள் வங்காள மொழியில். அங்கே மருமகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நான் அழவேயில்லையே" என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் குப்பியை மூடினாள். எங்கள் குடத்திலிருந்து தானே நீர் மொண்டு என் கையில் ஊற்றினாள். வெளி மனிதர் தொட்டால் அந்தக் குடத்து நீரைக் கொட்டிவிடுவது வீட்டு வழக்கம். அன்று நான் கொட்டவில்லை. அவள் பெயரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் கேட்டார். "என்ன மாதிரித் தோலாம்?"

"சாதாரணத் தோல்தானாம்" என்றேன்.