காவல் நிலையம் வரை ஒரு புறப்பாடு

அழைத்தவன் யாரென்று கேளாமல், அழைத்த குரல் அடங்குமுன் எழுந்தோடி வரும் திருவடிகளுக்கு முதல் வணக்கம். குற்றத்தைக் கண்டும் காணாதவன்போல் நின்று, குற்றம் செய்தவனை மட்டும் நழுவ விடாமல் பற்றிக்கொள்ளும் திருக்கைகளுக்கு அடுத்த வணக்கம்.

இன்று வைகுண்ட ஏகாதசி. விடியற்காலையில் வடக்கு வாசல் திறந்து பெருமாள் எழுந்தருளினார்; அவர் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நானும் அவ்வாசலைக் கடந்தேன். அங்கே இருவரைக் கண்டேன். ஓர் அக்காளும் அவள் தம்பியும். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு மார்கழிகளாக நினைத்திருந்தேன். உபவாச நாளின் பிற்பகலில் மனம் சற்றே தெளிந்திருக்கிறது, எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் சமஸ்தான காலத்தில் அரசு உத்தியோகத்துக்காகப் பெங்களூருக்கு வந்து மல்லேஸ்வரத்தில் வேரூன்றிய குடும்பம். நானும் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மார்கழி முழுவதும் பொழுது புலருமுன் பெருமாள் கோயில் பாசுர கோஷ்டியில் நிற்பது என் வழக்கம். நாங்கள் பன்னிரண்டு பதின்மூன்று கிழவர்கள், இரு வரிசையாக எதிரெதிரே நின்று, ஒரு வரிசை விட்ட இடத்தில் மறு வரிசை எடுத்துப் பாடுவோம். அனைவரும் பஞ்சகச்சம், மேலே அங்கவஸ்திரம் மட்டும். பஞ்சகச்சத்தில் பை கிடையாது. ஆகவே வண்டியில் வருகிறவர்கள் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் கழற்றி இருக்கைமேல் வைத்துவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடுவோம். பெருமாள் வாசலில் யார் எடுக்கப் போகிறார்கள்?

எடுத்தார்கள். இரண்டு மார்கழிகளுக்கு முன் ஒரு நாள், பாசுரங்களின் நிறைவான சாற்றுமுறை முடிந்து வெளியே வந்தபோது என் ஸ்கூட்டர் இல்லை. ஸ்வெட்டரும் குல்லாவும் மட்டும் மடித்துக் கோயில் மதில்மேல் வைக்கப்பட்டிருந்தன. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு வந்தேன். என் மனைவி ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குளிர்ல நீங்க நடந்து வரணுமேன்னு வெச்சுட்டுப் போயிருக்கான் பாருங்கோ. நல்ல திருடன்தான்."

"வண்டியையும் வெச்சுட்டுப் போயிருந்தா இன்னும் நல்லவன்" என்றேன்.

சில நாள்கள் கழித்து, கோஷ்டி முடிந்து, தொன்னையில் சுடச்சுடப் பொங்கலோடு நாங்கள் வெளியே வந்தபோது, வாசலில் என் ஸ்கூட்டர் நின்றது. அதன் கைப்பிடியைப் பிடித்தபடி பதினைந்து வயதிருக்கக்கூடிய பையன் ஒருவன் வேர்த்து நின்றான். அவன் தோளைப் பற்றியபடி ஓர் இளம்பெண். ஸ்ரீராம்புரத்திலிருந்து மேடு ஏறி, வண்டியை ஓட்ட விடாமல், அவனைத் தள்ளவைத்தே அழைத்து வந்திருந்தாள்.

"இது யாரோட வண்டிங்க? இங்கேர்ந்துதான் எடுத்தேன்னு சொல்றான். இவன் என் தம்பி."

கண்ணாடிகள் இரண்டும் கழற்றப்பட்டிருந்தன. முன்பக்கத்தில் நான் ஒட்டியிருந்த திருமண் நாமம் அரைகுறையாகச் சுரண்டப்பட்டிருந்தது. எங்கள் தென்கலை நாமத்துக்குக் கீழே பாதம் உண்டு, வடகலையாருக்கு இல்லை. அந்தப் பாதம் மட்டும் காணாமற்போயிருந்தது. கோஷ்டியில் என் பக்கத்தில் நிற்கும் நண்பர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், குனிந்து பார்த்தார்.

"ஓய், வண்டியை எடுத்ததைக்கூடப் பொறுத்துக்கலாம். பாதத்தைச் சுரண்டி உம்ம வண்டியை வடகலை ஆக்கிட்டானே! இதுக்குத் தனியா கேஸ் போடணும்."

எல்லோரும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. அந்த நாமத்தால்தான் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் வீட்டுச் சந்தின் முனையில் சில வாலிபர்கள் முன்சக்கரத்தைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் வண்டி ஓட்டி, அதைச் செல்பேசியில் படம் பிடிப்பது வழக்கம். 'வீலிங்' என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நாமம் போட்ட வண்டி ஒன்று நிற்பதையும், அதன்மேல் தன் தம்பி அமர்ந்திருப்பதையும் கண்டவள், மறுநாள் காலையே கிளம்பிவிட்டாள்.

எனக்கு நெஞ்சம் நெகிழ்ந்துவிட்டது. "மன்னிச்சுட்டேம்மா. வண்டி வந்துடுத்து, அது போறும். கம்ப்ளெயின்டை வாபஸ் வாங்கிடறேன்" என்றேன். நண்பர்கள் 'ஆகட்டும், ஆகட்டும்' என்றார்கள். அவள் முகத்தில் நிம்மதி படரும் என்று பார்த்தேன். படரவில்லை.

"வாணாம் தாத்தா. மன்னிக்க வாணாம்."

"என்னம்மா சொல்றே?"

"போன வருசம் ஒரு சைக்கிள் எடுத்தான். நான்தான் அவங்க கால்ல வுழுந்து மூடி மறைச்சேன். இப்ப ஸ்கூட்டர். இதையும் நீங்க வுட்டுட்டா, அவனுக்கு இது ஒரு கதை. பசங்ககிட்ட சொல்லி சிரிச்சுகினு இருப்பான்."

எங்களில் மூத்தவர் கோபக்காரர். "அப்போ ஸ்டேஷன்ல விட்டு நாலு சாத்து சாத்தச் சொல்றியா?"

"ஐயோ, அதுவும் வாணாம் தாத்தா. அடி வாங்கினா வெக்கம் பூடும். எங்க சந்துல ஒருத்தன் அடி வாங்கிகினு வந்தான். அப்புறம் பெரிய பசங்க அவன ஹீரோ மாதிரி கூட வெச்சுகினாங்க."

"அடியும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வேற என்னதான் வேணும் நோக்கு?"

"பசங்களுக்குன்னு தனியா ஒரு கோர்ட்டு இருக்குதாம். நான் வேல செய்ற ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொன்னாங்க. அங்க இவன் நின்னு, நான்தான் எடுத்தேன்னு இவன் வாயால சொல்லணும்." சற்றுத் தயங்கினாள். "ஆனா நாங்க ரெண்டு பேர் மட்டும் ஸ்டேஷன் போனா, மொதல்ல கை நீட்டிட்டு அப்புறம்தான் பேசுவாங்களோன்னு பயமா இருக்குது. நீங்கல்லாம் இப்டியே நாமம் போட்டுகினு கூட வந்தீங்கன்னா… அடிக்க மாட்டாங்க இல்ல?"

கையிலிருந்த பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு வங்கி நண்பர்தான் முதலில் மேல்வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

"ஓய், இத்தனை வருஷமா கோஷ்டில நிக்கறோம். ஒருத்தராவது நம்மை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டதுண்டா? வாங்கோ, போவோம்."

நடந்தோம். பெருமாள் வீதி உலா வரும்போது தமிழ் பாடும் கோஷ்டி முன்னால் செல்லும், வேதம் ஓதுவோர் பின்னால் வருவார்கள், நடுவில் பல்லக்கு. பழக்கத்தின் வலிமையைப் பாருங்கள்: ஒருவரும் சொல்லாமலேயே பாதிப் பேர் முன்னாலும் பாதிப் பேர் பின்னாலுமாகப் பிரிந்திருந்தோம். பல்லக்கு வரவேண்டிய இடத்தில், பாதம் சுரண்டிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பையன் வந்தான். அவன் முழங்கையைப் பற்றியபடி அக்காள். பூக்கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒரு மூதாட்டி, என்ன உற்சவம் என்று தெரியாமலேயே கைகூப்பினாள்.

வழியில் அவளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கோலார் தங்கவயல் அவர்கள் ஊர். தகப்பனார், சுரங்கம் மூடிய பிறகு, தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வந்து போனவர், இறந்துவிட்டார். தாயாருக்கு அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு சமைக்கும் வேலை. அதை விட முடியாது. இவள் இங்கே ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பிற்பகல் முதல் இரவு வரை வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைக்கிறாள். தம்பி நல்லவன் என்று ஒருமுறைகூட அவள் சொல்லவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. பற்றிய கையை மட்டும் விடவில்லை.

காவல் நிலையத்தில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் எங்களைக் கண்டு எழுந்து நின்றார். "ஏனு சுவாமி, இல்லி பஜனேனா?" என்று கன்னடத்தில் கேட்டார். "இங்கே பஜனையா" என்ற அக்கேள்வியில் கேலி இருந்தது. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் கேலி போய்விட்டது. சிறுவர்கள் தொடர்பான வழக்குகளைப் பார்ப்பவர் அவரே. சிறுவர்களோடு சீருடையில் உட்காரக் கூடாது என்று சொல்லி, நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து மேலே அணிந்துகொண்டு, அவனை லாக்கப் பக்கம் போகவிடாமல் வேறோர் அறையில் அமரவைத்துப் பேசினார். அவன் சொன்னதை எழுதிக்கொண்டு, அக்காளிடமே ஒப்படைத்து, சிறார் நீதிக் குழுமத்துக்கு வரவேண்டிய நாளைச் சொல்லி அனுப்பினார்.

அந்த நாளில் நானும் போனேன். உயர்ந்த மேடையோ கூண்டோ அங்கே இல்லை. ஒரு நீள மேசை. நடுவில் நீதிபதியம்மாள், இருபுறமும் சமூகப் பணியாளர் இருவர். எடுத்தது நான்தான் என்று பையன் தெளிவாகவே சொன்னான். ஏன் எடுத்தாய் என்று கேட்டபோதுதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வீட்ல யாரும் இல்ல மேடம். அவங்க கூப்ட்டாங்க."

இவ்வளவுதான் அவன் சொன்னது. இளஞ்சிறார் ஏன் வழிதவறுகிறார்கள் என்று அறிஞர் பலர் ஆராய்ந்திருப்பார்கள். நான் அன்று கேட்ட காரணம் இது ஒன்றே: பள்ளி விட்டு வந்த பிள்ளையை முதலில் கூப்பிட்டவர்கள் சந்து முனையில் நின்ற வாலிபர்கள். நாங்களெல்லாம் அழைத்தால் ஆண்டவன் ஓடி வருவான் என்று நாள்தோறும் பாடுகிறவர்கள். ஒரு பையனைப் பெயர் சொல்லி அழைத்து 'உள்ளே வாடா' என்று சொல்ல, அக்கம்பக்கத்தில் எவரும் இல்லாமற்போயிருக்கிறார்கள்.

அக்காள் எழுந்தாள். "எடுத்தது அவன் தப்பு மேடம். சாயங்காலம் வீடு காலியா கெடந்தது என் தப்பு. அத நான் சரி பண்ணிக்கிறேன். அவன் தப்ப நீங்க சரி பண்ணுங்க."

நீதிபதியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

எங்கள் சம்பிரதாயத்தில் பெரியோர்கள் நெடுங்காலமாக வாதிடுகிற உவமைகள் இரண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். அடியேன் பூனைக் கட்சி. ஆனால் தாய்ப்பூனை குட்டியை எதனால் கவ்வுகிறது என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. எலியைக் கொல்லும் அதே பல்லால்தான் கவ்வுகிறது. குட்டியின் கழுத்தில் காயம் படுவதில்லை. விட்டுவிடாத இறுக்கமும் புண்படுத்தாத மென்மையும் ஒரே பல்லில் இருக்கும் அதிசயத்தை, இந்தத் தங்கவயல் பெண்ணிடம்தான் கண்ணால் கண்டேன்.

குழுமம் அவனைக் கண்டித்து, வாரந்தோறும் ஆலோசகரிடம் வரவேண்டும் என்றது. அக்காள் விடியற்காலை முறைக்கு வேலையை மாற்றிக்கொண்டாள். இரவு வேலைக்குக் கிடைத்த கூடுதல் படி போயிற்று; அதைப் பற்றி அவள் பேசியதில்லை. அவன் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. ஒரு வாரம் ஆலோசகரிடம் போகாமல் ஏமாற்றினான். மறுவாரம் அவளே கூட்டிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் தட்டுத் தடுமாறித் தேறி, இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறான். மூன்று மெக்கானிக்குகள் கைவிட்ட என் வண்டியின் செல்ஃப் ஸ்டார்ட், திருட்டுப் போய்த் திரும்பியது முதல் தொட்டவுடன் உயிர்பெறுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சென்ற ஆடியில் அவன் வழக்கு முடிக்கப்பட்டது. இந்தப் பதிவு உன் வாழ்க்கையில் குறுக்கே நிற்காது, உரிய காலத்தில் அழிக்கப்படும் என்று நீதிபதியம்மாள் அவனிடம் சொன்னார். சட்டமே அவன் பெயரை அழிக்கும்போது நான் எழுதி வைக்கலாமா? ஆகவேதான் இங்கே ஒருவர் பெயரும் இல்லை.

இன்று காலை, வடக்கு வாசலுக்கு முன் நெருக்கித் தள்ளும் வரிசையில் என் தோளை யாரோ தொட்டார்கள். அவன்தான், அக்காளைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தான். என் உள்ளங்கையில் சில்லென்று ஒன்றை வைத்தான்.

"இன்னா தாத்தா, இன்னும் சாவிய வண்டிலயே வுட்டுட்டு வரீங்க?"

இடுப்பில் முடிந்துகொள்ள என் மனைவி தைத்துத் தந்த சிறுபை வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவன் அக்காளைப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. அதற்குள் கதவு திறந்தது. மூவரும் ஒன்றாகவே உள்ளே தள்ளப்பட்டோம்.

இதைப் படிக்கும் அனைவரும் நலமாக வாழ்க. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கட்டும். உள்ளிருந்து ஒரு குரல் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கட்டும். எந்தப் பிள்ளைக்கும் கால் இடறினால், காயம் படாமல் கவ்விக்கொள்ள ஒருவரை எம்பெருமான் அருகிலேயே நிறுத்தி வைப்பானாக.