பெண் பார்த்த இடத்தில் ஒரு நாவல் விமர்சனம்

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் திருவண்ணாமலை பெரிய கோயிலில், மகிழ மரத்துக்குப் பக்கத்தில் வைத்து என்னைப் பெண் பார்த்தார்கள். முதல் தடவை பார்ப்பதை இப்படிக் கோயிலில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஒத்து வராவிட்டால் இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்தவர்கள் மாதிரியே கலைந்து போய்விடலாம். தெருவுக்குத் தெரியாது.

நான் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் மேனேஜர். ரிசப்ஷனில் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்த வேலை. அன்றைக்கும் வேலை முடிந்து நேராகத்தான் கோயிலுக்குப் போனேன். கைப்பையில் ஒரு நாவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை அதை உரிமையோடு உருவி, பின்னட்டையைச் சத்தமாகப் படித்தார். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி கிரிவலப் பாதையில் நடக்கும்போது நூறு வருடம் பின்னால் போய்விடுகிறாள். அங்கே ஒரு பையன்மேல் காதல். அதுதான் கதை.

"நல்லாருக்குது போ! கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு, ஸ்கூல் பசங்க காதல் கதையைப் படிச்சினு இருக்குது" என்று அத்தை சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். என் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, அது அவ ஃப்ரெண்டோடதுங்க. இவ இந்த மாதிரியெல்லாம் தொடவே மாட்டா" என்று சொல்லிக்கொண்டே என் தொடையில் ஒரு கிள்ளு.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கிள்ளியதற்காக இல்லை. ஆசையாக வாங்கிப் படிக்கிற புத்தகத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி ஏன் மறைக்க வேண்டும்?

"இல்லைங்க, என்னோடதுதான். ரெண்டாவது தடவை படிக்கிறேன்" என்றேன்.

"அப்படி என்னங்க இருக்குது அதுல?" மாப்பிள்ளை கேலியாகத்தான் கேட்டார். நான் நிஜமாகவே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். குறைகளைத்தான் முதலில் சொன்னேன். நடுவில் இழுவை ஜாஸ்தி. கதாநாயகனுக்குக் கோபமே வராது, அப்படி ஒரு ஆம்பளையை நான் பார்த்ததில்லை. எழுதியவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை போலிருக்கிறது, கதாநாயகி மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள்! வலது கைப்பக்கம் மலை இருக்கவேண்டும் என்று எங்கள் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும்.

"யாராவது நிறுத்தித் திருப்பி விட்டிருக்க மாட்டாங்களா?" என்றதும் மாப்பிள்ளையின் அம்மாவே, "நாங்க போளூர்க்காரங்களே விட மாட்டோமே" என்று சிரித்துவிட்டார். பூர்வீகம் பக்கத்தில் இருக்கும் போளூர், இப்போது சென்னையில் இருக்கிறார்கள். சிரித்த வாயோடு அடுத்ததைக் கேட்டார். "சரிம்மா, வேலையை எப்ப விடுவ? வெள்ளைக்காரங்க வந்து போற இடம், நமக்கு சரிப்படாது. நீயும் சென்னைக்கு வந்தாகணும் இல்ல?"

விடுவாயா என்று கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கதையில கடைசியில அந்தப் பொண்ணு அங்கயே தங்கிடலைங்க" என்றேன். "இங்க இருந்தா என் படிப்பு போயிடும், நான் வேணும்னா நீ என் காலத்துக்கு வான்னு அவனைக் கூப்பிடறா. அவனும் வரான். அதுக்காகத்தான் ரெண்டாவது தடவை படிக்கிறேன்." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்கு வீட்ல இருந்தே வேலைன்னு சொன்னாங்க. நீங்க இங்க வந்துடலாமே? நூறு வருஷமா தாண்டப் போறீங்க? பஸ் ஏறினா சாயங்காலம் வந்துடலாம்" என்றேன்.

மாப்பிள்ளை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அத்தை புத்தகத்தை என் மடியில் வைத்தார். அர்ச்சனை பண்ணிவிட்டு வருகிறோம் என்று எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தரகர் போன் செய்தார். பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியாம்.

"ஒரு பொய் சொன்னா செத்தா போயிடுவ?" என்று அம்மா அழுதாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கோயிலில் வாயே திறக்காத அப்பாதான், "வர முடியாதுன்னு சொல்லக்கூட அவனுக்கு அவங்க அம்மா வேணும். விடு" என்றார்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வேலைக்குப் போகிறேன், சம்பளத்தில் அந்த மாதிரிக் கதைகளைத்தான் இன்னமும் வாங்குகிறேன். சின்னப் பிள்ளைகளின் கதை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்றைக்கு என் அம்மா சொன்ன பொய்க்குப் பேசாமல் தலையாட்டியிருந்தால், இந்நேரம் சென்னையில் ஒரு வீட்டில், பீரோவில் புடவைக்கு அடியில் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று அன்று போலவே இன்றும் சத்தமாகச் சொல்வேன்.